உப்புப் பார்க்கிறவள்

தேங்காய்ப்பால் அடிப்பிடிக்கும் மணம் எங்கிருந்து வந்தாலும் எனக்கு ஒரு தகரக் கொட்டகை ஞாபகம் வரும். பக்கத்து வீட்டு அடுப்பில் யாரோ பாற்சோற்றைக் கிண்ட மறந்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் நான் அதற்குள் எழுந்து போயிருப்பேன். கண்டியில், ரயில் பாதைக்கு மேலே சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் எங்கள் சின்ன அம்மன் கோயிலின் பின்புறம், ஈர விறகின் புகை கண்ணைக் கரிக்க, கஞ்சிக் கிடாரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். அது ஒரு சித்திரா பௌர்ணமியின் காலை. என் மனைவி உள்ளங்கையைக் குழித்து வாயருகே கொண்டுபோவாள். அந்தக் கை அங்கேயே நிற்கும்.

எங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கத்தில் சித்திரைப் பௌர்ணமி தாயை இழந்தவர்களின் நாள். தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை, தாயை இழந்தவர்களுக்கு இது. காலையில் முழுகி, வாயில் ஒரு சொட்டும் படாமல் கோயிலுக்குப் போவோம். தாயின் பெயர் சொல்லி மோட்ச விளக்கு ஏற்றுவோம். அரிசி, காய்கறி, வசதியிருந்தால் ஒரு சீலை தானம். பிறகு வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் கஞ்சி வார்ப்போம். மதியப் பூசை முடிந்தபின்தான் ஒருபொழுதுச் சாப்பாடு. தாய் உயிரோடு இருக்கிறவர்கள் மறந்தும் இந்த விரதத்தைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் தாய்க்கு ஆகாது. சின்ன வயதில், அடுத்த வீட்டில் எல்லோரும் விரதம் இருக்கிறார்கள் என்று நானும் சாப்பிட மாட்டேன் என அடம்பிடித்தேன். அம்மா என் தாடையைப் பிடித்து ஒரு கை சீனியை வாய்க்குள் திணித்தாள். "விழுங்கடா. நான் இருக்கிறன் எல்லோ, விழுங்கு." அவள் பதறியது அந்த வயதில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது நானும் ஒவ்வொரு சித்திரையும் அவளுக்காக வெறும் வயிற்றோடு கோயிலுக்குப் போகிறேன். வேலை மாற்றலாகிக் கண்டிக்கு வந்தபோது மூட்டை கட்டிக்கொண்டு வந்தவற்றில் இந்தப் பழக்கமும் ஒன்று.

மனைவி மலையகத்துப் பெண். திகனவுக்கு அப்பால், பஸ் மூச்சு வாங்கி ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். அவள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அவளுடைய அம்மா வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போனாள். முதலில் கடிதம் வந்தது, பிறகு ஒரு போர்வையும் பால்மா டின்னும் வந்தன, பிறகு எதுவும் வரவில்லை. கூடப் போன ஒருத்தி திரும்பி வந்து, வேறு வீட்டுக்கு மாறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன் என்றாள். அனுப்பிய தரகர் ஊரிலேயே இல்லாமல் போனார். இறந்துவிட்டாள் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறாள் என்று சொல்லவும் ஆள் இல்லை. முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரு கதவு காற்றில் ஆடிக்கொண்டே இருக்கிறது. அடைத்துக்கொள்ளவும் இல்லை, யாரும் உள்ளே வரவும் இல்லை.

அதனால் சித்திரைப் பௌர்ணமியில் அவளுக்குக் கோயிலில் ஒரு வேலை கிடைத்தது. கஞ்சி காய்ச்சும் பெண்கள் எல்லோரும் தாயை இழந்த வயதுக்காரர்கள், எல்லோரும் விரதம். வாயில் வைத்து ருசி பார்க்க ஒரு ஆள் வேண்டும். இவளுக்குத்தான் தாய் இருக்கிறாள். முதல் அகப்பை அம்மனுக்கு உள்ளே போகும். பிறகு கிடாரத்துக்கு உப்புப் போடுவதும் பார்ப்பதும் இவள் பொறுப்பு. கல்யாணமான புதிதில் தொடங்கியது. வருடம் போகப் போக அது ஒரு பட்டம் மாதிரி ஆகிவிட்டது. "உப்புப் பார்க்கிற பிள்ளை வந்திட்டுதோ?" என்றுதான் கேட்பார்கள். அவளும் ஒரு விறைப்போடு போவாள். அந்த ஒரு கை கஞ்சியை ஊதி ஊதிக் குடிக்கும்போது அவள் முகத்தில் ஒரு பிடிவாதம் இருக்கும். என் அம்மா இருக்கிறாள், பாருங்கள், நான் சாப்பிடுகிறேன்.

அந்த வருடம் புத்தர் பிறந்த நாளான வெசாக்கும் சித்திரா பௌர்ணமியும் ஒரே நாளில் விழுந்தன. ஊரெல்லாம் விளக்குக் கூடு கட்டும் மூங்கில் கீற்றும் பசையும் கலர்த் தாளுமாகக் கிடந்தது. முதல்நாள் பின்னேரம் மாமா, அவளுடைய அப்பா, தோட்டத்திலிருந்து வந்து இறங்கினார். ஒரு கையில் குடை, மறு கையில் துணிக்கடைப் பை. கதிரையில் உட்கார்ந்ததும் பையைத் திறந்து ஒரு புதுச் சீலையை எடுத்து மேசையில் வைத்தார். கரும்பச்சை, மஞ்சள் கரை.

"யாருக்குப்பா?" என்றாள் இவள்.

"நாளைக்குக் கோயில்ல குடுக்க. அம்மா பேருல."

அவள் கையில் இருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். எனக்கும் விளங்கிவிட்டது. தைப்பொங்கலுக்கு வந்தபோது, ஏன் மாப்ள இந்தக் கஞ்சி வார்க்கிறீங்க என்று கேட்டார். நான் வழக்கத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. தை முதல் சித்திரை வரைக்கும் அதை மென்றுகொண்டே இருந்திருக்கிறார்.

"பச்சை எடுத்திருக்கீங்க," என்றாள் அவள்.

"ஏன், நல்லா இல்லையா? திகனயில துணிக்கடை நானாதான் எடுத்துக் குடுத்தாரு. இதான் இப்ப ஓடுதுன்னாரு."

"அம்மாவுக்குப் பச்சை புடிக்காது. விடிஞ்சதுல இருந்து பொழுது சாயிற வரைக்கும் மலையில பச்சையத்தான் பார்க்கிறேன், கட்டுற சீலையும் பச்சையான்னு கேட்கும். மறந்துட்டீங்களா?"

"யாருக்கோ குடுக்கப் போற சீலை. கலருல என்ன இருக்கு?"

"யாருக்கோன்னா யாருக்கோன்னு குடுங்க. அம்மா பேர ஏன் இழுக்கிறீங்க?"

மாமா என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன். இரண்டு பேருக்கு நடுவே உட்காருகிற மருமகனுக்குச் சன்னலை விட்டால் வேறு துணை ஏது?

"புள்ள," என்றார் மாமா, மெதுவாக. "நீ நாளைக்கு ஒரு நாள் வெரதம் இருந்திரு. நான் இருக்க முடியாதாம், மாப்ள சொன்னாரு, பெத்த புள்ளதான் இருக்கணுமாம். அவளுக்கு இருக்கிறது நீ ஒருத்தி."

"இருந்தா அம்மா செத்துப்போச்சுன்னு ஆயிரும்பா."

"உசிரோட இருந்தா பசிக்கும். செத்திருந்தாலும் பசிக்கும். ஒரு பக்கத்துப் பசியையாச்சும் நம்ம ஆத்தலாம்ல."

அவள் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களோடு சண்டை பிடித்தாள். மாமா விடவில்லை. வாசலில் நின்றுகொண்டே பேசினார். குரல் மட்டும் தாழ்ந்தது.

"நான் யாருன்னு எனக்கும் தெரியணும்ல. தோட்டத்துல கலியாண வீட்டுக்குப் போனா, சோடியா நின்னு ஆசீர்வாதம் பண்ணச் சொல்றாங்க. என்னையக் கூப்பிடுறதா வேணாமான்னு அவனுகளுக்கும் தெரியல்ல. வெத்திலத் தட்ட வச்சிக்கிட்டு முழிக்கிறானுக. நான் வெளிய போய் பீடி குடிக்கிற மாதிரி நின்னுக்கிறேன். பீடிய விட்டு எத்தன வருஷம் ஆச்சு."

உள்ளே ஒரு மூடி தரையில் விழுந்து சுழன்று அடங்கும் சத்தம்.

"சித்திரகுப்தன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கப்பா," என்றாள் உள்ளிருந்து. "செத்துப்போச்சுன்னு அவரு சொன்னா இருக்கேன்."

"அவரு எங்க நம்மளோட பேசுறாரு," என்றார் மாமா. சிரித்தார். அவளும் உள்ளே சிரித்தாள். மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

விடிந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் எனக்கு முன்பே எழுந்து தலைக்குக் குளித்திருந்தாள். தலைக்குக் குளிப்பதில் ஒன்றுமில்லை, கோயிலுக்குப் போகும் நாள். மாமாவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். தனக்கும் ஊற்றினாள். நான் செருப்பைத் தேடிக்கொண்டு அடுப்படிக்குள் போனபோது அவளுடைய கோப்பை சன்னல் கட்டையில் ஆடை படர்ந்து அப்படியே இருந்தது. பார்த்தேன். பசித்த வயிறு எனக்கு. அதைப் பற்றி யோசிக்கவில்லை.

கோயிலின் பின்னால் தகரக் கொட்டகைக்குள் கிடாரம் ஏறியிருந்தது. பச்சையரிசியும் வறுத்த பயறும் மலர்ந்து வெடித்துக்கொண்டிருந்தன. அடுக்களைக்கு அதிகாரியான பெரியக்கா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எனக்கும் முந்திக் கண்டியில் குடியேறியவர், அகப்பையை வீணை மாதிரித் தோளில் சாத்திக்கொண்டு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். தேங்காய்கள் வழக்கம்போல அலவத்துகொடயிலிருந்து வந்திருந்தன. கண்டி மார்க்கெட்டில் தேங்காய்க் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, ஒவ்வொரு வருடமும் தன் ஆட்டோவிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டு, முதல் சிரட்டைக் கஞ்சி குடித்துவிட்டுத்தான் கடை திறக்கப் போவார். அவருக்கென்று ஒரு சிரட்டையைக் கழுவி வைத்திருப்பார்கள். இரண்டாம் பால், முதல் பால். ஊற்றினார்கள். கிண்டும் கை ஒரு நொடி அசந்திருக்க வேண்டும். அடிப்பிடித்த மணம் எழும்பியது. "கிண்டு, கிண்டு," என்று பெரியக்கா சத்தம் போட்டார். முதல் அகப்பை செம்பில் உள்ளே போனது. மணி அடித்தது.

"பிள்ளை, உப்பைப் பாரன்," என்றார் பெரியக்கா.

அவள் அகப்பையிலிருந்து உள்ளங்கைக்கு வார்த்தாள். எனக்கு முதுகுதான் தெரிந்தது. கை மேலே போனது. ஆவிக்குள் அவள் தலை குனிந்தது. நின்றாள். பிறகு சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரிதான்க்கா," என்றாள்.

நானாவுக்கு முதல் சிரட்டை. ஊதினார், ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார், சிரட்டையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"தங்கச்சி, உப்பு ஈக்கல்லையே!"

"என்ன?" என்றார் பெரியக்கா.

"ஒரு கல்லும் ஈக்கல்ல. எனக்கு பிரஷர் ஈக்கின்டு ஆரு சொன்ன ஒங்களுக்கு? எங்கட வீட்டுப் பொம்புள ஏதாச்சும் ஃபோன் பண்ணினாவோ?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியக்கா கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார், உப்பு கண்ணுக்குத் தெரியும் என்பதுபோல. "நான் வாயில வைக்கேலாது," என்றார். பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார். அவளும் விரதம். அடுத்தவளும் விரதம். என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். அத்தனை பேர் சுற்றி நின்றோம், நானாவையும் மாமாவையும் விட்டால் ருசி பார்க்க ஒரு நாக்கு இல்லை. அப்போதுதான் யாரோ அரிசிச் சாக்கின் மேல் கிடந்த உப்புப் பைக்கெற்றை எடுத்துக் காட்டினார்கள். வெட்டவே இல்லை. புதிதாகப் பளபளத்துக்கொண்டிருந்தது.

சிரிப்பு அப்படியே நின்றது.

"ஏன் பிள்ளை," என்றார் பெரியக்கா. இத்தனை காலத்தில் அவர் அவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதில்லை. "நீ வாயில வைக்கேல்லையோ? ஏதும்... செய்தி வந்ததோ?"

"இல்லக்கா. ஒண்ணும் வரல்ல."

"அப்ப?"

"தெரியல்லக்கா. காலையில இருந்து எறங்க மாட்டேங்குது. தேத்தண்ணியும் எறங்கல்ல. வெரதம்னு நெனைக்கல்ல. சாப்பிடணும்னும் வரல்ல."

கொட்டகைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. மாமா தூணருகே நின்றார். துணிக்கடைப் பை அவர் நெஞ்சோடு இருந்தது. அதன் வாயில் பச்சை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. கோயில் வாசலில் தானம் வாங்கக் காத்திருந்த கிழவிகளில் ஒருத்தி அந்தப் பையைக் கண்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். உள்ளே குருக்கள் குரல் கொடுத்தார். "மோட்ச விளக்குக்குப் பேர் சொல்லாத ஆக்கள் இருந்தா வாங்கோ. பிறகு கதவு சாத்திப்போடுவன்."

நான் என் அம்மாவின் பெயரை ஏற்கெனவே சொல்லியிருந்தேன். மற்றவர்களும் சொல்லியிருந்தார்கள். குருக்கள் கூப்பிட்டது இவளைத்தான் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தோன்றியது. அவருக்குத்தான் அது தெரியாது. மாமா ஒரு அடி எடுத்து வைத்தார்.

"புள்ள," என்றார். சொல்ல வேண்டியதையெல்லாம் முதல்நாளே சொல்லிவிட்டவரின் குரல் அது.

பாதி விரதம் தானாக வந்து அவள்மேல் உட்கார்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் சும்மா நின்றால் போதும், முழுதாகிவிடும். ஒரு பெயரைச் சொன்னால் போதும், ஒரு விளக்கு எரியும், ஒரு சீலை கைமாறும், மலையில் ஒரு மனிதருக்குத் தான் யார் என்று தெரிந்துவிடும். நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளோடு இத்தனை காலம் வாழ்ந்தும், அடுத்த நொடி அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் அப்பாவைத்தான் பார்த்தாள்.

"அப்பா, லயத்துல கஞ்சி காச்சினா, அம்மா கடைசியிலதானே உப்பு போடும்?"

மாமா திகைத்துப்போனார். அப்படியொரு கேள்வியை அந்த இடத்தில் அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

"கடைசியில எங்க போடுவா? மறந்துட்டு ஊத்திக் குடுத்துருவா. நம்ம ரெண்டு பேரு மூஞ்சியும் போற கோணலப் பார்த்துட்டுத்தான் உப்பு டப்பாவத் தேடுவா. நீ ஒருக்கா துப்பிட்டே, அவ அகப்பையத் தூக்கிட்டு..."

நிறுத்திக்கொண்டார். சிரிக்கத் தொடங்கிய வாய் அப்படியே திறந்திருந்தது.

"ஆமா," என்றாள் அவள். "அகப்பையத் தூக்கிட்டு ஓடிவந்துச்சு."

பைக்கெற்றைப் பல்லால் கிழித்தாள். ஒரு கை. இன்னொரு கை. பெரியக்காவிடமிருந்து அகப்பையை வாங்கி, இடுப்பை வளைத்து, அடிவரைக்கும் விட்டுக் கிண்டினாள். அடிப்பிடித்த மணம் திரும்ப ஒருமுறை எழுந்து எங்கள் எல்லோர் மூக்கிலும் ஏறியது. உள்ளங்கையில் வார்த்தாள். ஊதினாள். குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியதை அங்கே நின்ற அத்தனை பேரும் பார்த்தோம். வெறும் வாயோடு நின்ற என் நாக்கில் எங்கிருந்தோ சீனி கரைந்தது.

"இன்னும் கொஞ்சம் வேணும்," என்றாள். போட்டாள். இன்னொரு கை குடித்தாள். "இப்ப சரி."

பெரியக்கா முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, "புகை, புகை," என்று யாரையோ திட்டினார். நானா தன் சிரட்டையை நீட்டினார். "இப்ப ஊத்துங்க. மொதல்ல குடிச்சது கணக்கில்ல." உள்ளே குருக்கள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

மாமா பையின் வாயை மடித்து, கக்கத்தில் இறுக்கிக்கொண்டார். வாசலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த கிழவிக்கு நான் கொண்டுபோயிருந்த சீலையைக் கொடுத்தேன், என் அம்மா பேரில். அவள் பையைப் பார்த்தாள், சீலையைப் பார்த்தாள், பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டாள். மாமா வரிசையில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். இரண்டாவது தரமும் நீட்டினார். மகள்தான் வார்த்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பின்னேரம் மாமாவைப் பஸ் ஏற்ற நடந்து போனோம். மழை விட்டிருந்தது. வெசாக் கூடுகள் கடைகளின் முகப்பில் நனைந்து தொங்கின, சிலதில் அப்போதே வெளிச்சம் ஏறியிருந்தது. வெள்ளை உடுத்த ஜனங்கள் தெருவை நிறைத்துக்கொண்டு போனார்கள். ஒரு முடக்கில் தன்சல் போட்டிருந்தார்கள், வருகிறவருக்கெல்லாம் இலவசமாகக் குடிக்கக் கொடுக்கும் பந்தல். போகிற வழியை மறித்துக் கையில் திணித்தார்கள். "அக்கே, பொன்ன," என்றார்கள் சிங்களத்தில், குடியுங்கள் அக்கா. வில்வம்பூ அவித்த சுடுதண்ணீரும் ஒரு துண்டு கருப்பட்டியும். மனைவி வாங்கிக் குடித்தாள். இன்னொன்றும் வாங்கினாள்.

"காலையில சொட்டுத் தண்ணி எறங்கல்ல," என்றார் மாமா என்னிடம், அவளுக்குக் கேட்கும்படி. "இப்பப் பாருங்க மாப்ள. பந்தலையே குடிச்சிரும் போல."

"நீங்களும் குடிங்கப்பா. பஸ்ஸுல யாரு குடுக்கப் போறா?"

குடித்தார். நான் அவர்களோடு நின்று, ஒருபொழுது முடித்த வயிற்றோடு, கருப்பட்டியை மட்டும் நக்கிக்கொண்டிருந்தேன். வானத்தில் மேகம். நிலவு எந்த மலைக்குப் பின்னால் இருந்ததோ, தெரியவில்லை.

குட்செட் பஸ் நிலையம் திருவிழாக் கூட்டமாக இருந்தது. நடத்துனர் திகன, தெல்தெனிய என்று ஒரே மூச்சில் கத்திக்கொண்டிருந்தார். மாமாவுக்குச் சன்னல் ஓரம் இடம் கிடைத்தது. குடையை மடியில் வைத்தார். பையையும் வைத்தார். நாங்கள் கீழே நின்றோம். அடுத்த முறை எப்போது வருவீர்கள் என்று நான் கேட்டேன். வாறன் மாப்ள என்று எங்கள் ஊர்ப் பேச்சைப் பகிடியாகச் சொன்னார். அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால் வலிக்கு எண்ணெய் போடுங்க, ராவுக்குச் சோறாக்காம ரொட்டியோட படுக்காதீங்க என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எஞ்சின் உறுமியது. அப்போதுதான் பையைத் தூக்கி, கம்பிகளுக்கு நடுவே நெருக்கி, அவள் கையில் கொடுத்தார்.

"இந்தா, இத ஒங்க அலுமாரியில வை. லயத்துல எலி."

"யாருக்குப்பா?"

பஸ் நகர்ந்தது. அவர் தலையை வெளியே நீட்டினார்.

"வந்தா கட்டட்டும் புள்ள. கலரு புடிக்கலன்னா திகனயில மாத்திக்கலாம், பில்ல நான் வச்சிருக்கேன்!"